மதியமானால் ரேடியோ மாட்யூல் ஊமையாகிறதா? ஒன்றை நிலையாக விட்டு மற்றதைப் பின்தொடர வையுங்கள்

கேள்வி: மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சென்சார், கீழே அறையில் ஒரு ரிசீவர், இரண்டிலும் சிசி1101 ரேடியோ சிப், 433.92 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 4,800 பிட். தூரம் கிடைக்கட்டும் என்று ரிசீவர் பில்டரை, அதாவது அது உள்ளே விடும் அதிர்வெண் அகலத்தை, 58 கிலோஹெர்ட்ஸுக்குக் குறுக்கினேன். மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை. மாடிக்குப் போனதும் இரவில் சரியாக வருகிறது, மதியம் பாதி காணோம். இரண்டு பக்கமும் டிசிஎக்ஸ்ஓ (வெப்பம் மாறினாலும் அதிர்வெண் அதிகம் அசையாத கிரிஸ்டல் ஆசிலேட்டர்) வாங்கிப் போடவா, இல்லை ஜிபிஎஸ் வைத்து அதிர்வெண்ணைச் சரிசெய்யவா?

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் சிப்பே இதற்குப் போதும், பத்துப் பதினைந்து வரி கோடு எழுதினால் வேலை முடிந்துவிடும்.

முதலில் கணக்கைப் பாருங்கள், பிரச்சினை அதிலேயே தெரிந்துவிடும். சிப்பின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அதன் கிரிஸ்டல். சாதாரண கிரிஸ்டல் என்றால் பிழை ±20 பிபிஎம் வரை போகலாம், அதாவது பத்து லட்சத்தில் இருபது பங்கு. 433.92 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 8.7 கிலோஹெர்ட்ஸ். ஒன்று மேலேயும் இன்னொன்று கீழேயும் விலகினால் இடைவெளி 17.4 கிலோஹெர்ட்ஸ். இப்போது பில்டர்: 58 என்று போட்டாலும் சிக்னல் அதில் 80 சதவீதத்துக்குள், அதாவது 46க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தச் சிப்பின் விதி. இரு பக்கமும் 17.4 ஒதுக்கினால் மிஞ்சுவது 12கூட இல்லை. டீவியேஷனை, அதாவது 0, 1 பிட்டுக்காக அதிர்வெண் நடுவிலிருந்து விலகும் அளவை, 5 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் உங்கள் சிக்னலுக்கே சுமார் 15 வேண்டும். மேசையில் ஓடியதற்குக் காரணம், உங்கள் இரண்டு கிரிஸ்டலும் அந்த வெப்பத்தில் கிட்டத்தட்ட ஒரே பக்கம் சாய்ந்திருந்ததுதான். ஏடி வெட்டு கிரிஸ்டல் (குவார்ட்ஸைக் குறிப்பிட்ட கோணத்தில் வெட்டிச் செய்த வழக்கமான வகை) அறை வெப்பத்தைச் சுற்றிப் பெரிதாக அசையாது, வெயிலில் கொதிக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போனதும் சில பிபிஎம் நகர்ந்துவிடும். அந்தச் சில பிபிஎம்தான் உங்களை விளிம்பைத் தாண்டித் தள்ளுகிறது.

"சிப்புக்குள் ஆப்செட் (அதிர்வெண் விலகல்) திருத்தம் தானாகவே நடக்குமே?" என்று கேட்பீர்கள். நடக்கும், ஆனால் அது பில்டருக்குப் பின்னால், சிக்னலைப் பிட்டாக மாற்றும் டிமாடுலேட்டரில் நடக்கிற வேலை. பில்டர் வெட்டி எறிந்ததை அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது. சரி, பில்டரை இரட்டிப்பாக்கி 116 ஆக்கிவிடலாமே என்றால், இரைச்சலும் இரட்டிப்பாக உள்ளே வரும், 3 டெசிபல் போய்விடும். திறந்த வெளியில் தூரத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். தூரத்துக்காகக் குறுக்கியவர் நீங்கள், அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. இரண்டு கருவியும் துல்லியமாக இருக்கத் தேவையே இல்லை, ஒன்றோடொன்று ஒத்துப்போனால் போதும். செல்பேசி இப்படித்தான் வேலை செய்கிறது. ஜிஎஸ்எம் என்ற 2ஜி முறையில் கோபுரம் 148 பிட்டும் சுழியாக ஒரு சிறு துண்டை அடிக்கடி அனுப்பும். அது காற்றில் கேரியருக்கு (நடு அதிர்வெண்ணுக்கு) 67.7 கிலோஹெர்ட்ஸ் மேலே ஒரு சுத்தமான ஒற்றைத் தொனியாக வரும், போன் அதைக் கேட்டுத் தன் கடிகாரத்தைக் கோபுரத்தின் பக்கம் நகர்த்திக்கொள்ளும். விலை உயர்ந்த துல்லியம் கோபுரத்தில் மட்டும், போன்கள் எல்லாம் அதைப் பின்பற்றினால் போதும்.

உங்களிடம் கோபுரம் கீழே இருக்கும் ரிசீவர். அறைக்குள் இருப்பதால் வெப்பம் அதிகம் மாறாது, எனவே அதைத் தொடாதீர்கள். மாடிச் சென்சார்தான் நகர வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ரிசீவர் ஒரு பதில் பாக்கெட் அனுப்பட்டும். அதைச் சென்சார் பெற்றதும் சிப்பின் ஃப்ரீக்எஸ்ட் (FREQEST) ரெஜிஸ்டரைப் படித்தால், வந்த சிக்னல் தன்னிடமிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறது என்று தெரியும். 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஒரு படி சுமார் 1.59 கிலோஹெர்ட்ஸ். 8 என்று வந்தால் நீங்கள் 12.7 கிலோஹெர்ட்ஸ் விலகி நிற்கிறீர்கள். அந்த எண்ணை எப்எஸ்சிடிஆர்எல்0 (FSCTRL0) ரெஜிஸ்டரில் சேர்த்துவிட்டால் அதிர்வெண்ணை உருவாக்கும் சிந்தசைசரே நகரும். பெறுவதற்கும் அனுப்புவதற்கும் ஒரே சிந்தசைசர் என்பதால் அடுத்த பாக்கெட் ரிசீவர் பில்டரின் நடுவிலேயே போய் இறங்கும், கீழே ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

கோடு எழுதும்போது இடறும் இடங்கள் சில உண்டு. ஃப்ரீக்எஸ்ட் கூட்டல் கழித்தல் குறியுள்ள 8 பிட் எண். சீரியல் மானிட்டரில் 254 என்று வந்தால் அது 254 அல்ல, மைனஸ் 2. இதை அப்படியே கூட்டி வைத்துவிட்டு ரேடியோ கெட்டுவிட்டது என்று மாட்யூலை மாற்றியவர்கள் உண்டு. அடுத்து, பழைய மதிப்பின் மேல் கூட்டுங்கள், அழித்து எழுதாதீர்கள். ஏனென்றால் படிப்பது ஏற்கெனவே திருத்தியது போக மிச்சமிருக்கும் பிழையை. சிஆர்சி (பாக்கெட்டில் பிழை உண்டா என்று காட்டும் சோதனை எண்) சரியாக வந்த பாக்கெட்டை மட்டும் நம்புங்கள், இரைச்சலைச் சிக்னல் என்று எடுத்துக்கொண்டால் எங்கோ ஓடிவிடும். விலகல் இரண்டு படி அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதியை மட்டும் கூட்டுங்கள், ஒரு படி என்றால் விட்டுவிடுங்கள், அப்போது அது ஆடாமல் நிற்கும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திருத்திக்கொள்ளும்படி மட்டும் எழுதிவிடாதீர்கள். நீ என் பக்கம் வா, நான் உன் பக்கம் வருகிறேன் என்று இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். சில நாளில் இரண்டும் சேர்ந்தே 433.92ஐ விட்டு எங்கோ நகர்ந்திருக்கும், பாக்கெட் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

தொடக்கத்தில் விலகல் பெரிதாக இருந்தால் பதிலே வந்து சேராதே என்றால், அதற்கும் வழி உண்டு. தொடர்ந்து நான்கைந்து பதில் வரவில்லை என்றால் சென்சார் தன் பில்டரை 116க்குத் திறக்கட்டும், ஐந்து நிமிடம் எதுவும் கேட்காத ரிசீவரும் அதையே செய்யட்டும். ஒரு பாக்கெட் பிடிபட்டதும் திருத்திக்கொண்டு இருவரும் 58க்குத் திரும்பலாம். கண்டுபிடித்த மதிப்பை மைக்ரோகன்ட்ரோலரின் அழியாத நினைவகத்தில் வைத்துக்கொண்டால் மின்சாரம் போய் வந்தாலும் அங்கிருந்தே தொடங்கும்.

நாளைக்கு இன்னும் ஐந்து சென்சார் சேர்த்தாலும் இதே முறைதான், ஒவ்வொன்றும் தானாக ரிசீவரைப் பின்தொடரும். பதில் பாக்கெட் பெறவே முடியாத, அனுப்ப மட்டும் தெரிந்த சென்சார்கள் பல இருந்தால் அப்போது டிசிஎக்ஸ்ஓ நியாயமான செலவு. 1 அல்லது 2 பிபிஎம் துல்லியம் உள்ளது எதுவானாலும் போதும். ஜிபிஎஸ் இந்த வேலைக்கு மிக அதிகம், பேட்டரியையும் தின்றுவிடும்.

கடைசியாக, திருத்தத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், கூட்டல் கழித்தல் 15 படி. நல்ல கிரிஸ்டல்கள் இரண்டு என்றால் 11 படிக்கு மேல் போக வழியில்லை. வரம்பைத் தொட்டுவிட்டது என்றால் குறை கோடில் இல்லை, போர்டில் கிரிஸ்டலின் இரு பக்கமும் இருக்கும் சிறு கெபாசிட்டர்களைப் பாருங்கள். கிரிஸ்டல் கேட்கும் லோடைவிட (கெபாசிட்டன்ஸ் அளவைவிட) மதிப்பு அதிகமானால் அதிர்வெண் கீழே இறங்கும், குறைந்தால் மேலே ஏறும். மாட்யூலை வாங்காமல் நீங்களே போர்டு செய்திருந்தால் முதலில் அதைத்தான் சரிபார்க்க வேண்டும்.