கேரளாவில் பெண்களுக்கு மரியாதை அதிகமா? குமுளியில் துணி விற்றவளின் பதில்

"தமிழ்நாட்டைவிடக் கேரளாவில் பெண்களுக்கு மரியாதை அதிகம் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்களுக்கு அந்தப் பக்கம் வேலையோ வரனோ அமைந்திருக்கும்.

நான் கம்பத்துக்காரி. ஒன்பது வருடம் தினமும் மலையேறி, கேரள எல்லைக்குள் இருக்கும் குமுளியில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள். நிஜமாகவே நின்றவள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு எட்டு வரை. நடுவில் சோற்றுக்கு அரை மணி நேரம். சுவரில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டுக் கல்லாவிலிருந்து குரல் வரும்.

2018-இல் கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்காரலாம் என்று கேரளாவில் சட்டத்தைத் திருத்தினார்கள். கோழிக்கோட்டில் விஜி என்பவரும் அவருடைய 'பெண்கூட்டு' என்ற பெண்கள் அமைப்பும் வருடக்கணக்கில் போராடியதன் பலன் அது. தமிழ்நாட்டில் அதே உரிமை 2021-இல்தான் வந்தது. ஆக, சட்டத்தில் அவர்கள் முந்தி. அதை மறுக்கவில்லை.

எங்கள் கடைக்கும் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. அடுத்த வருட ஓணக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த மத்தியானம், நானும் ஒரு மலையாளப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். செட்டுமுண்டு கேட்டு வந்த ஓர் அம்மா அவளை "மோளே" (மகளே) என்று கூப்பிட்டார். நான் எழ ஒரு நொடி தாமதம். உடனே கல்லாவைப் பார்த்து, "பாண்டிக்காரிக்கும் ஸ்டூலா?" என்று சிரித்தார். தமிழர்களை அங்கே இளக்காரமாகச் சொல்வது அப்படித்தான். முதலாளியும் சிரித்தார். சாயங்காலம் பார்த்தால் என் ஸ்டூல் மேல் பிளவுஸ் பிட் கட்டு ஏறியிருந்தது. அவள் ஸ்டூல் காலியாகத்தான் கிடந்தது.

2015-இல் மூணாறில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று கூடி, தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையை மறித்தார்கள். அதை டிவியில் பார்த்துக் கைதட்டியதும் இதே கடைதான்.

மலையாளிகளைத் திட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். என் ஸ்டூல் மேலிருந்த பிளவுஸ் பிட் கட்டை இறக்கி வைத்து "இருந்நோ" (உட்கார்ந்துக்கோ) என்று சொன்னதும் அந்த மலையாளப் பெண்தான். கீழே எங்கள் ஊரில் மட்டும் என்ன வாழுகிறது? குமுளியில் எட்டரை மணிக்குத் தனியாகப் பஸ்ஸுக்கு நின்றால் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கம்பத்தில் இறங்கி என் தெருவுக்குள் நுழைந்தால், "இப்பத்தான் கடை சாத்துறாங்களா?" என்று திண்ணையிலிருந்து விசாரணை. என் தம்பி பதினொரு மணிக்கு வருவான். அவனுக்குச் சோறு மூடி வைத்திருக்கும்.

  

இப்போது கம்பத்திலேயே ஒரு கடையில் கல்லாவில் இருக்கிறேன். கல்லாவுக்கு மட்டும்தான் நாற்காலி. எதிரே நிற்கும் இரண்டு பெண்களிடம் "கொஞ்சம் உட்காருங்கம்மா" என்றால், "வேண்டாம்க்கா, ஓனர் வந்துருவாரு" என்கிறார்கள். நானும் அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை.