திருப்பிப் பாருங்க, துணியே சொல்லும்: பழைய துணி, கைவேலை சேகரிக்கிறவங்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, பழைய பொருள் விக்கிறவர் ஒருத்தர்கிட்ட எம்பிராய்டரி போட்ட மேஜை விரிப்பு பார்த்தேன். முழுக்க கைவேலை, 150 வருஷம் பழசுன்னு அடிச்சு சொல்றார். நம்பலாமா?

பதில்: அவர் சொல்றதை விடுங்க தங்கச்சி, துணி என்ன சொல்லுதுன்னு பாருங்க. முதல் வேலையா விரிப்பை திருப்பிப் போடுங்க. கைவேலைன்னா நூல் ஒரு பூவுல இருந்து அடுத்த பூவுக்கு தாவிப் போயிருக்கும், அங்கங்க முடிச்சு இருக்கும், ஒரு நூல் தீர்ந்து அடுத்த நூல் ஆரம்பிச்ச இடத்துல குட்டியா வால் நீட்டிக்கிட்டு இருக்கும், அதே பூவை பத்து தடவை போட்டிருந்தாலும் ஒரு இதழாவது கொஞ்சம் கோணிப் போயிருக்கும். மெஷின்ல போட்டதுல பெரும்பாலும் பின்னாடி மெல்லிசா வேற ஒரு நூல் சீரா ஓடும், தப்பு இருந்தாக்கூட எல்லா பூவுலயும் ஒரே இடத்துல அதே தப்புதான் இருக்கும். பின்பக்கம் பாக்கிறதுல இன்னொரு லாபம், வெளிச்சம் படாத பக்கம்ங்கிறதால பழைய நிறம் அங்க அப்படியே இருக்கும். முன்னாடி சாம்பல் பூத்த ரோஜா பின்னாடி பளிச்னு சிவப்பா இருக்கிறதை பார்த்தீங்கன்னா அப்புறம் எந்தத் துணியையும் திருப்பாம வாங்க மாட்டீங்க.

இனி வயசு. ஓரத்துல மெஷின் தையல் இருக்கேன்னு மட்டும் தள்ளிடாதீங்க, சிங்கர் தன்னோட தையல் மெஷினுக்கு 1851லயே பேட்டன்ட் வாங்கிட்டார். ஆனா பாலியஸ்டர் நூல் இருந்தா கதை முடிஞ்சது, அதை கண்டுபிடிச்சதே 1941லதான். பின்னாளில யாராவது பிரிஞ்ச ஓரத்தை திரும்ப தைச்சிருக்கலாம், அதனால ஓரத்து நூலை மட்டும் பார்க்காம பூ வேலை நூலையும் பாருங்க. பளீர்னு ஊதா இருக்கிறதை 1856க்கு முந்தினதுன்னு சொன்னாலும் யோசிக்கணும், இங்கிலாந்து வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கை ஊதா சாயத்தை செஞ்சதே அந்த வருஷம்தான், அதுக்கு முன்னாடி ஏறக்குறைய எல்லாமே செடி, பூச்சி, சிப்பி, மண்ணுல இருந்து எடுத்த சாயம்தான். புற ஊதா டார்ச் அடிச்சு நீலமா மின்னினா புதுசுன்னு சிலர் சொல்வாங்க, அதை அப்படியே நம்பாதீங்க, பழைய துணியை இந்தக் காலத்து சோப்புத்தூள்ல துவைச்சிருந்தாலும் மின்னும்.

கேள்வி: என்ன நூல்னு வீட்லயே பார்க்க முடியுமாக்கா?

பதில்: முடியும், உள்பக்க ஓரத்துல இருந்து ஒரே ஒரு இழை உருவி, இடுக்கியில பிடிச்சு, பக்கத்துல தண்ணி வெச்சுக்கிட்டு கொளுத்திப் பாருங்க. காகிதம் எரியிற வாசனையும் மெத்துனு சாம்பலும் வந்தா பருத்தி இல்லைன்னா லினன். தலைமுடி கருகின நாத்தம் வந்து, நசுக்கினா பொடியாகுதுன்னா பட்டு இல்லைன்னா கம்பளி. உருகி கெட்டியான மணி மாதிரி நின்னுச்சுன்னா செயற்கை இழை. விக்கிறவர் கடையில நின்னுக்கிட்டு இதை பண்ணிடாதீங்க.

கேள்வி: ஓட்டை விழுந்து ஒட்டு போட்டதை எல்லாம் வாங்கிட்டு வர்றேன்னு வீட்ல திட்டு. குறை இல்லாததைத்தானே சேர்க்கணும்?

பதில்: எனக்கு நேர்மாறான அபிப்பிராயம். பெட்டியை விட்டே எடுக்காத விரிப்பு அழகுதான், ஆனா ஒரு மூலையில கிழிஞ்சு, கொஞ்சம் நிறம் மாறின நூலால இழைக்கு இழை பின்னி அடைச்சு வெச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் அதை வெச்சிருந்தவங்க தெரியிறாங்க. தூக்கிப் போட மனசு வராம ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்து தைச்சிருக்காங்க. இங்கிலாந்தை நார்மன்கள் பிடிச்ச கதையை சொல்ற பேயோ சித்திரத்துணி, 11ஆம் நூற்றாண்டு, ஏறக்குறைய 70 மீட்டர், அதுலயே ஒட்டும் தையலும் நூத்துக்கணக்குல இருக்கு. ஜப்பான்ல ஏழை விவசாயிகள் ஒட்டு மேல ஒட்டா தைச்சு போட்ட போரோ துணிகளை இன்னைக்கு மியூசியத்துல வெச்சிருக்காங்க, உடுத்தினவங்க அதை வெளியில காட்டவே கூச்சப்பட்டிருப்பாங்க. அமெரிக்காவுல அலபாமா பக்கம் கீஸ் பெண்ட்ல கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்பை வெட்டி குளிருக்கு தைச்ச குவில்ட்டுங்க, அதாவது ஒட்டுப் போர்வைங்க, 2006ல தபால் தலையிலயே வந்துடுச்சு. வீட்ல திட்டினா இதையெல்லாம் சொல்லுங்க, எடுபடுமாங்கிறது வேற விஷயம்.

ஒண்ணை மட்டும் வாங்காதீங்க, மடிப்புல நீளநீளமா விரிசல் விட்ட பழைய பட்டு. 19ஆம் நூற்றாண்டு கடைசியில பட்டுல இருக்கிற பசையை எடுத்தா எடை குறையுதுன்னு வெள்ளீய உப்பு ஏத்தினாங்க. கையில கனமா, சரசரன்னு அருமையா இருக்கும். அந்த உப்பே பின்னாளில இழையை அரிச்சு நொறுக்கிடுச்சு. அதை தைச்சாலும் தையல் பக்கத்துலயே பிளக்கும்.

கேள்வி: அக்கா, வாங்கினதும் துவைச்சிடலாமா? கறையா இருக்கே.

பதில்: பொறுங்க. ஈரப் பஞ்சை உள்பக்கமா ஒவ்வொரு நிறத்துலயும் ஒத்திப் பாருங்க, சாயம் ஒட்டினா தண்ணியே வேணாம். ஒட்டலைன்னா மட்டும் ஒரு வலைத்துணி மேல படுக்க வெச்சு, ஆறின தண்ணியில முக்கி, வலையோட சேர்த்து தூக்குங்க, ஈரத்துல பழைய இழை தன் கனத்தையே தாங்காது, முறுக்கி பிழியவே கூடாது. ப்ளீச் வேணாம், கறை மேல இஸ்திரியும் வேணாம், சூட்டுல கறை நிரந்தரமா உக்காந்துடும். கொஞ்சம் கறை இருந்தா என்ன இப்போ?

கேள்வி: கம்பளி சால்வையில பூச்சி. பாச்சை உருண்டை போட்டும் போகல.

பதில்: பறக்கிற பூச்சி துணியை தின்னாது தம்பி, அதோட புழுதான் தின்னும், அதுவும் கம்பளி, பட்டு, இறகு மாதிரி. அழுக்கும் வேர்வையும் இருந்தா இன்னும் குஷி. பாச்சை உருண்டை ஆவி உங்களுக்கும் நல்லதில்ல. சால்வையை பாலிதீன் கவர்ல காத்து போகாம கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் கவரை பிரிக்காதீங்க, அறை சூட்டுக்கு வர்ற வரைக்கும் விடுங்க, இல்லைன்னா வேர்த்து ஈரமாகிடும். ஜரிகை, மணி, பட்டன் வெச்சதுக்கு இந்த வைத்தியம் வேணாம்.

பிறகு பாலிதீன்லயே பூட்டி வைக்காதீங்க, துவைச்ச பழைய வெள்ளை பருத்தித் துணியில சுத்தி வைங்க, பெருசா இருந்தா மடிக்காம உருளையில சுருட்டுங்க, மடிச்சே ஆகணும்னா மடிப்புக்குள்ள துணியை உருட்டி வெச்சு மடிச்சு அப்பப்ப மடிப்பை மாத்துங்க. சுவத்துல மாட்ட ஆசைன்னா வெயில் எட்டாத இடம். மியூசியத்துலயே 50 லக்ஸ் அளவு மங்கின வெளிச்சத்துலதான் வெப்பாங்க, ஏன்னா வெளுத்தது வெளுத்ததுதான், இருட்டுல வெச்சா திரும்பி வராது.

கேள்வி: எது யார்கிட்ட வாங்கினதுன்னே மறந்து போகுது. துணியிலயே எழுதிடட்டுமா?

பதில்: ஐயோ, பால்பாயின்ட் பேனாவை கிட்டயே கொண்டு போகாதீங்க! ஸ்டிக்கர் பசை கறையாகும், ஊக்கு துருப்பிடிக்கும். சின்ன பருத்தி நாடாவுல நம்பர் மட்டும் தண்ணியில கரையாத மையால எழுதி, காஞ்சதும் ஓரத்துல ரெண்டே தையல்ல நிறுத்துங்க, மத்த கதையெல்லாம் நோட்டுல. விக்கிறவர் சொன்னதுன்னா “அவர் சொன்னது”ன்னே எழுதுங்க, முதல் கேள்வி கேட்ட தங்கச்சியும் இதை கவனிச்சுக்கோங்க.