அண்ணனுக்குக் கிடைத்த லாபம் எனக்கும் கிடைக்குமா?

கேள்வி: என் அண்ணன் நிலம் விற்ற பணத்தில் 5 லட்சத்தை 2020 ஏப்ரலில் சென்செக்ஸ் இண்டெக்ஸ் ஃபண்டில் (மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸோடு சேர்ந்தே ஏறி இறங்கும் ஃபண்டு) போட்டார். இப்போது அது 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது. "நகையை அடகு வைத்து நீயும் 5 லட்சம் போடு" என்கிறார். மகளின் கல்லூரிக்காகக் கட்டிவரும் ஆர்.டி.யைத் தவிர என்னிடம் வேறு சேமிப்பு இல்லை. போடலாமா?
– திருப்பூர் வாசகி

பதில்: வேண்டாம், சகோதரி. அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால், அவர் பார்த்த லாபத்தில் பெரும்பங்கு அவர் பணம் போட்ட தேதிக்கு உரியது.

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் சரிந்து 25,981-இல் முடிந்தது. 2024 செப்டம்பரில் 85,000-ஐத் தாண்டியது. சந்தை விழுந்து கிடந்த நேரத்தில் அவர் கையில் நிலம் விற்ற பணம் இருந்தது. அதே பணம் 2008 ஜனவரியில் வந்திருந்தால்? அப்போது சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டிருந்தது. அக்டோபர் 27 அன்று 7,700 வரை இறங்கியது. அதே அண்ணன், அதே ஃபண்டு. 5 லட்சம் பத்தே மாதத்தில் 2 லட்சத்துக்கும் கீழே போயிருக்கும்.

அவருடைய திறமை என்று நான் மதிப்பது ஒன்றைத்தான்: இத்தனை ஏற்ற இறக்கத்திலும் விற்காமல் இருந்தார். சொந்தப் பணம் என்பதால் அது முடிந்தது. உங்களால் அப்படிக் காத்திருக்க முடியாது. நகைக்கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை தப்பினால் ஏல நோட்டீஸ் வரும். சந்தை சரிந்திருக்கும் மாதத்தில் அது வந்தால், நஷ்டத்தில் விற்றுத்தான் நகையை மீட்க வேண்டும். எனக்குப் பயம் இதில்தான்.

காத்திருந்தால் எப்படியும் ஏறிவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை, 34 ஆண்டுகள் ஆயின.

ஆர்.டி.யைத் தொடாதீர்கள். மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் பிடிக்க முடிந்தால், முதலில் ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகையை வங்கியில் சேருங்கள். அதன் பிறகு அண்ணன் போட்ட அதே வகை ஃபண்டில் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஒரே தொகையைப் போடும் முறை) தொடங்கலாம். அதே தொகைக்கு, சந்தை ஏறிய மாதத்தில் குறைந்த யூனிட்டுகள் (ஃபண்டில் உங்கள் பங்குகள்) கிடைக்கும், இறங்கிய மாதத்தில் கூடுதலாகக் கிடைக்கும். ஒரே தேதியை நம்பி மொத்தப் பணத்தையும் இறக்கும் நிலை வராது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் அதில் போடுங்கள்.