தொகுதி மறுவரையறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. எங்கள் சட்டமன்றத் தொகுதியும் மாறிவிட்டதா?

ப: இல்லை. மாவட்டத்தைப் பிரிப்பது மாநில அரசு. தொகுதியை வரைவது மறுவரையறை ஆணையம். 2019-ல் மாவட்டம் பிரிந்ததால், தொகுதி எல்லைகளை வகுத்த 2008 ஆணை மாறவில்லை.

கே: எங்கள் தெருவை 12-ஆம் வார்டிலிருந்து 14-க்கு மாற்றிவிட்டார்கள். எம்.எல்.ஏ. யார்?

ப: வார்டு உள்ளாட்சிக்கு, தொகுதி சட்டமன்றத்துக்கு. எத்தனை முறை எழுதுவது? வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்திலேயே தொகுதியின் எண்ணும் பெயரும் இருக்கின்றன. அதைப் புரட்டிவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

கே: தொகுதி பிரிக்கக் கணக்குக்கு எடுப்பது வாக்காளர்களையா, மக்கள்தொகையையா?

ப: மக்கள்தொகையை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் ஒரு தலைதான்.

கே: எங்கள் தனித் தொகுதி சுழற்சியில் எப்போது பொதுத் தொகுதியாகும்?

ப: சுழற்சி உள்ளாட்சியில்தான் உண்டு. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் அடுத்த மறுவரையறை வரை மாற்றமில்லை.

கே: தமிழ்நாட்டுக்கு எப்போதும் 39 எம்.பி.க்கள்தானா?

ப: 1962-ல் 41. 1967-ல் 39 ஆனது. 1976-ல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. பிறகு 84-ஆவது திருத்தம் அதை நீட்டித்தது. அதனால்தான் 2008-ல் எல்லைகள் மாறின, எண்ணிக்கை மாறவில்லை.

கே: புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி ஏன் இல்லாமல் போனது?

ப: இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. தமிழ்நாட்டில் 6 சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தால் ஒரு மக்களவைத் தொகுதி. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதும் சரியாக 6. 2001 கணக்கில் மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 14.6 லட்சம்; மாநிலச் சராசரி தொகுதிக்கு 16 லட்சம். பற்றாக்குறை 9 சதவீதம் அளவுதான். ஆனாலும் 2008-ல் மாவட்டத்தை நான்காகக் கூறுபோட்டார்கள். புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, விராலிமலை கரூருக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு.

அறந்தாங்கியிலிருந்து மாவட்டத் தலைநகர் 30 கிலோமீட்டர் சொச்சம். ராமநாதபுரம் சுமார் 100. மணமேல்குடி மீனவருக்குக் கலெக்டர் ஒரு திசையில், எம்.பி. வேறு திசையில். மாவட்டத்துக்கு ரயிலோ கல்லூரியோ கேட்க வேண்டுமென்றால் நான்கு எம்.பி.க்களின் வாசலில் நிற்க வேண்டும். நால்வருக்கும் புதுக்கோட்டை தொகுதியின் ஓர் ஓரம். நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2002 மறுவரையறைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவே சொல்கிறது. அந்த வரி இந்த மாவட்டத்துக்குப் பயன்படவில்லை.

கே: இறுதி ஆணையை எதிர்த்து வழக்குப் போடலாமா?

ப: தொகுதி வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 329-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. 1966-ல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்பட்டமாகத் தன்னிச்சையான ஆணை என்றால் ஆராயலாம் என்று 2024-ல் ஒரு சிறு சன்னலைத் திறந்தது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வரைவு வெளியாகும்போதே மனுக் கொடுங்கள். இதை நான் எழுதாத மாதம் கிடையாது.

கே: மனுவில் என்ன எழுதுவது?

ப: "எங்களுக்கு அநீதி" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். வண்ண வரைபடத்தை விட்டுவிட்டு, வரைவு ஆணையின் கிராமப் பட்டியலைப் படியுங்கள்; உங்கள் ஊர் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே ஒற்றைச் சொல்லாக இருக்கும். அதே பெயரை, அதே எழுத்தில் எழுதுங்கள். தாலுகா, தொகுதித் தலைநகருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை பஸ் மாற வேண்டும், எந்தத் தொகுதியில் சேர்க்கக் கேட்கிறீர்கள், சேர்த்தால் இரண்டு பக்கமும் மக்கள்தொகை எவ்வளவு ஆகும்: இவ்வளவும் ஒரே தாளில் வர வேண்டும்.