இறந்தவர்களை அதிகம் நினைவூட்டுவது எது: புகைப்படமா, பொருளா, சாப்பாடா?

எங்கள் வீட்டில் அது ஒரு டம்ளர்.

மூன்று பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி என்பது அம்மாவின் கணக்கு. 2016 கார்த்திகையில் அப்பா போன பிறகும் கை தானாகவே இரண்டு டம்ளர்தான் போட்டது. தினமும் சோறு மிஞ்சும். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைப்பாள், காலையில் பழையது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு மேலப்பாளையத்தில் சின்ன ஸ்டேஷனரி கடை. பக்கத்துக் கடை தையல்கார பாய். எனக்குப் பாய் சித்தப்பா. நோன்பு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும். நாங்கள் சைவம் என்பதால் கறி போடாமல் தனியாகக் காய்ச்சியது. பதிலுக்கு ஞாயிறுகளில் அவருக்கு எங்கள் வீட்டில் சொதி. அப்பா இறந்த அன்று அடுப்பு மூட்டவில்லை. பாய் சித்தப்பா சைவக் கடையில் இட்லி வாங்கி வந்து, அம்மா இரண்டு வாய் சாப்பிடும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

2017 மே கடைசியில் நோன்பு தொடங்கியது. அதே தூக்குவாளி, அதே அளவு. மூடியைத் திறந்ததும் வெந்தயமும் பூண்டும் கலந்த அந்த வாசம். மற்ற புலன்களைப் போல மூளையின் இடைநிலையமான தாலமஸ் வழியாகச் சுற்றி வராமல், வாசனை நேராக உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டாலா பக்கம் போய்விடுமாம். அது எனக்குப் பிறகு படித்துத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றதுதான்.

சொதி மட்டும் அவள் வைக்கவே இல்லை. தேங்காய் விலையைச் சாக்குச் சொன்னாள்.

பெருநாள் கழிந்து ஒரு சனிக்கிழமை பாய் சித்தப்பா வாசலில் நின்றே சொன்னார்: "மதினி, நாளைக்குச் சொதி வைங்க. நான் வாரேன்." கையில் இரண்டு தேங்காய்.

மறுநாள் நான்தான் துருவினேன். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காய், உருளை, பாசிப்பருப்பு வெந்தன. கடைசியில் தலைப்பால், கொதிக்க விட்டால் திரிந்துவிடும் என்று அம்மா கரண்டியை என்னிடம் தரவில்லை. இறக்கி எலுமிச்சை பிழிந்தாள். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ்.

அப்பா சிப்ஸை நொறுக்கிச் சொதியில் போட்டுப் பிசைவார். "ஏன் அண்ணாச்சி, அதைத் தனியாக் கடிச்சா என்ன?" என்று பாய் சித்தப்பா ஒவ்வொரு தடவையும் திட்டுவார். அன்று அவரே நொறுக்கிப் போட்டுக்கொண்டார். மூன்று முறை சோறு கேட்டார்.

அன்று ராத்திரி தண்ணீர் ஊற்றி வைக்கச் சோறு இல்லை.