காய்ச்சலுக்கான துப்பு தோலில் இருக்கலாம்
மருத்துவர்கள் பதில்கள்

முந்திரித் தோப்பில் புதர் வெட்டிவிட்டு வந்த என் கணவருக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்கிறார்கள். தட்டணு மட்டும் குறைந்திருக்கிறது. அமாக்சிசிலின் ஐந்து நாள் போட்டும் காய்ச்சல் விடவில்லை. என்ன செய்வது?
– வாசகி, பண்ருட்டி

இன்றைக்கே அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம், அரைஞாண் கயிறு அழுத்தும் இடம், விதைப்பைத் தோல் எதையும் விட்டுவிட வேண்டாம். சிகரெட்டால் சுட்டதுபோல் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவில் கறுப்புப் பக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு, பக்கத்தில் நெறி கட்டியிருப்பது: இது உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸின் அடையாளம். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. துணியை விலக்கிப் பார்க்காத மருத்துவருக்கும் தெரியாது. பக்கு இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. பலருக்கு அது வருவதே இல்லை.

ஓரியன்ஷியா என்ற பாக்டீரியாதான் காரணம். புதரிலும் புல்லிலும் இருக்கும், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்து இது உடம்புக்குள் போகிறது. நம் பக்கம் மழைக்காலத்திலும் அதைத் தொட்டுவரும் பனிக்காலத்திலும் அதிகம். தட்டணு குறைவதால் டெங்கு என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். அமாக்சிசிலின் கேட்காததற்கும் காரணம் உண்டு. அது பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் மருந்து. இந்தக் கிருமியோ நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. அந்த மருந்து தாக்கும் அளவுக்குச் சுவரும் அதற்கு இல்லை.

மருத்துவர் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தருவார். காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின். எட்டாம் நாள் என்பதால், ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐ.ஜி.எம். எலிசா சோதனை இப்போது பலன் தரும். ஆனால் முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பொதுவாக 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் வேறு நோயா என்று தேட வேண்டும்.

மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து எதையும் அதோடு சேர்க்க வேண்டாம். மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள். கடலூர் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ உடனே கொண்டுபோங்கள். இந்த நோய் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது என்பதால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் பயப்பட வேண்டாம்.

நடவு நேரத்தில் வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறோம். எலிக்காய்ச்சல் வருமா?
– வாசகர், பாகூர்

வரலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரா பாக்டீரியா பித்தவெடிப்பு, சிராய்ப்பு வழியாக நுழையும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும். கெண்டைக்காலைத் தொட்டாலே வலிப்பதும், பீளை கட்டாமல் கண் சிவப்பதும் முக்கியமான தடயங்கள். வெடிப்பு இருந்தால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். காய்ச்சல் வந்தால், வயலில் நின்றதை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் காய்ச்சலிலேயே வைடால் சோதனை செய்து, டைபாய்டு என்று மகளுக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். சரிதானா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. வைடால் தேடுவது கிருமியை அல்ல, எதிர்ப்புப் புரதத்தை. அது முதல் வாரம் முடியும் வாக்கில்தான் போதிய அளவு கூடும்; பழைய தொற்றாலும் வேறு காய்ச்சலாலும்கூட பாசிட்டிவ் காட்டும். உறுதியான சோதனை, ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர். அதை ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே எடுக்க வேண்டும். பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். இப்போது தொடங்கிய மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். உண்மையிலேயே டைபாய்டு என்றால், சரியான மருந்திலும் காய்ச்சல் படிப்படியாக இறங்க நான்கைந்து நாள் ஆகும். மூன்றாம் நாளே கேட்கவில்லை என்று மருந்தை மாற்றச் சொல்லாதீர்கள்.