பென்குயின் குளிரைத் தாங்குவது கொழுப்பினால் மட்டும்தானா?

இல்லை. பிள்ளையின் பாடத்துக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "தடித்த கொழுப்பு" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வரியால் என் மகள் அழுதிருக்கிறாள்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் கல்லடி. வாவியில் நீர்க்காகங்கள் மீன் பிடித்துவிட்டுக் கம்பில் குந்திச் செட்டையை விரித்துக் காயப்போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். "பென்குயினும் முங்கித்தானே மீன் பிடிக்குது, அது ஏனப்பா காயப்போடுறல்ல?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இருவரும் தேடித்தேடிப் படித்தோம்.

நீர்க்காகத்தின் வெளியிறகு நனையும். அதனால் மிதப்புக் குறைந்து முங்குவது லேசு. பென்குயினுக்கு அப்படியில்லை. குட்டையான, விறைப்பான இறகுகள் கூரை ஓடுபோல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். அடியில் மென்தூவி காற்றைப் பிடித்து வைத்திருக்கும். வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். நிலத்தில் நிற்கும்போது குளிரைத் தடுப்பதில் பெரும்பங்கு இந்த இறகுக்கும் காற்றுக்கும்தான். ஆழத்தில் முங்கும்போது அமுக்கத்தால் காற்று நசிந்துவிடும், அங்கேதான் கொழுப்பின் உதவி கூடுதலாகத் தேவை. கொழுப்பு சாப்பாடும்கூட: பேரரசப் பென்குயினின் ஆண், அந்தாட்டிக்காக் குளிர்காலத்தில் முட்டையைக் காலின்மேல் வைத்துக் காக்கும் ஏறக்குறைய 2 மாதத்தையும் சேர்த்து, மொத்தம் ஏறக்குறைய 4 மாதம் பட்டினி கிடக்கும்.

எங்களை மலைக்க வைத்தது கால்தான். சூடான இரத்தம் கொண்டுவரும் நாடியும், குளிர்ந்த இரத்தம் திரும்பும் நாளமும் ஒட்டியபடி ஓடுகின்றன. நாடியின் சூடு பாதத்தைத் தொடுமுன்பே நாளத்துக்கு மாறி உடம்புக்குத் திரும்பிவிடும். பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே மட்டும் நிற்கும். பனிக்கட்டிக்குப் பறிபோகும் சூடு கொஞ்சம்தான்.

தவணைப் பரீட்சையில் மகள் இறகையும் நாடி நாளத்தையும் எழுதினாள். இரண்டையும் வெட்டி, கொழுப்பு எழுதியவர்களுக்கு மட்டும் புள்ளி. போய்க் கேட்டேன். "புள்ளித்திட்டத்தில் அப்படித்தான் இருக்கு" என்றார்கள். ஆசிரியர்களோடு சண்டைக்குப் போகிற ஆள் என்று யாரும் எழுத வராதீர்கள். என் வீட்டிலேயே இரண்டு ஆசிரியர்கள். கொழுப்பு பிழை என்றும் நான் சொல்லவில்லை. சரியாக எழுதிய பிள்ளையின் விடையை வெட்டியதுதான் பிழை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. அந்த நீர்க்காகங்கள் குந்தும் கண்டல் மரங்களை வெட்டி, வாவிக்கரையை மண்போட்டு நிரப்புகிறார்கள். கேட்கப் போனால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டுகிறார்கள்.

பரீட்சையில் ஒரே காரணம்தான் கேட்டால், இறகை எழுதச் சொல்லுங்கள். வெட்டினால் விடைத்தாளோடு போய்க் கேளுங்கள்.